ஆடியில் சேர்ந்த வேலை

என் கணவர் ஆடி மாதத்தில் வேலை மாறினார். சரியாகச் சொன்னால், ஆடியில் பழைய வேலையை விட்டார், புது வேலையில் சேரவில்லை. விட்டதற்கும் சேர்வதற்கும் நடுவே இரண்டு வாரம் கிடந்தது. அந்த இரண்டு வாரம் பார்த்துத்தான் எங்கள் மகள் வெளியே வரப் பார்த்தாள்.

நாங்கள் இருவரும் கொங்கு நாட்டுக்காரர்கள். அவருக்குக் கோபி, எனக்குப் பொள்ளாச்சி. கல்யாணமான கையோடு புனேக்கு வந்து கராடியில் குடியேறினோம். அவருடைய பழைய கம்பெனி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். புதுக் கம்பெனி ஊரின் மறுகோடியில், ஹிஞ்சவடியில். சம்பளம் கூட, பதவியும் கூட. பழைய இடத்தில் வெள்ளிக்கிழமை விடைபெற்றுவிட்டு அடுத்த திங்கட்கிழமையே வந்து சேருங்கள் என்றார்கள். இவரும் தலையாட்டிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

என் மாமியார் சண்டை போடும் ரகம் இல்லை. சத்தமே போட மாட்டார். "ஆடீல வேண்டாஞ் சாமி" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, வீட்டு எருமை சினையாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை. இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மாமனார் அந்தக் காலத்தில் ஆடியில் ஒரு மில் வேலைக்குப் போனாராம். தை பிறப்பதற்குள் மில்லுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வேலையிலும் அவர் நிலைக்கவில்லை. மாமியார் எருமை வைத்துப் பால் ஊற்றித்தான் இவரைப் படிக்க வைத்தார். அப்படிப்பட்ட அம்மா ஒரு வார்த்தை சொன்னால் மகன் என்ன செய்வார்? மூன்றாம் நாள் புதுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார், ஆவணி பிறந்ததும் சேர்கிறேன் என்று.

அங்கே ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த பெண் மராத்திக்காரி. ஆடி என்றால் என்ன என்று இவர் விளக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு இப்போது ஷ்ராவண் பிறக்கப் போகிறது, இதைவிட நல்ல மாதமே கிடையாதே என்று அந்தப் பெண் சிரித்தாளாம். சிரித்தாலும் தேதியை மாற்றிக் கொடுத்துவிட்டாள். கொடுக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று பின்னால் அவளையும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன்.

நான் அப்போது ஏழு மாதம். வளைகாப்பு முடித்து ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. வளைகாப்பும் ஆடியில் ஆகாது, எனவே அதுவும் ஆவணிக்குப் போயிருந்தது. ஒரு மாதம் எங்களை எப்படியெல்லாம் கட்டிப்போட்டது பாருங்கள். என் அம்மா வேறு மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு வாக்கரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். அதனால் யாரும் இங்கே வரவில்லை, நானும் அங்கே போகவில்லை.

இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்று நான் கேட்கத்தான் செய்தேன். எங்கள் இருவருக்கும் இருந்தது அவருடைய கம்பெனி போட்டிருந்த இன்சூரன்ஸ் மட்டும்தான். நான் வேலை பார்த்தது ஒரு மழலையர் பள்ளியில். அங்கே மருத்துவ வசதி என்றால் சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டி, அதிலும் பஞ்சு இருக்காது. தனியாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்றால், பிரசவத்துக்கு அவர்கள் சில வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே காத்திருப்பது? பழைய கம்பெனியின் பாதுகாப்பு கடைசி நாளோடு முடியும், புதுக் கம்பெனியினுடையது சேர்ந்த நாளில் தொடங்கும், நடுவில் ஒன்றும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். "பிரசவம் அக்டோபர்ல தானம்மா" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த தேதி அக்டோபர்தான், அதற்கு மேல் என்னாலும் வாதாட முடியவில்லை.

அவர் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த முதல் வாரம் நன்றாகவே போனது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவர் சமைத்தார், நான் குறை சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு வலி வந்தது. போனது. மறுபடி வந்தது. நாலாவது தடவை வந்தபோது கையில் இருந்த துண்டை அப்படியே கடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டிக்குச் சொன்னார்.

நான் வழக்கமாகக் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. டாக்டரம்மா மராத்திக்காரர், நடுவயதுக்காரர், வளவளவென்று பேச மாட்டார். சோதித்துப் பார்த்தார். பிரசவ வலிதான், ஆனால் குழந்தைக்கு இன்னும் நேரம் வரவில்லை, நுரையீரல் முற்றவில்லை என்றார். வலியை அடக்க ஒரு மருந்தை ஏற்றினார்கள். குழந்தையின் நுரையீரல் பலப்பட எனக்கு ஊசி போட்டார்கள். அந்த ஊசி வேலை செய்ய அவகாசம் வேண்டும், அதுவரை உள்ளேயே வைத்திருக்கப் பார்ப்போம், எத்தனை நாள் என்று சொல்வதற்கில்லை, பிறந்தால் மூச்சு விடுவதற்கு எந்திரம் தேவைப்படும், பல வாரம் என்ஐசியுவில், பிஞ்சுக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், இருக்க வேண்டிவரும். இதையெல்லாம் அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வாரம் என்ற சொல்லில் காது நின்றுவிட்டது.

கீழே இன்சூரன்ஸ் மேசையில் இவர் போனில் இருந்த பழைய அட்டையைக் காட்டியிருக்கிறார். பழக்க தோஷம். அங்கிருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, போன வாரமே முடிந்துவிட்டதே என்றாராம். இவர் மாடிக்கு வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எங்கள் சேமிப்பு முழுக்க அந்த வருஷம்தான் ஃப்ளாட்டுக்கு முன்பணமாகப் போயிருந்தது. என் செலவைக் கூட எப்படியோ புரட்டிவிடலாம். என்ஐசியுவில் பல வாரம் என்பது எங்களால் நினைத்தே பார்க்க முடியாதது. கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும் என்று இவர் விசாரித்திருக்கிறார். குழந்தையை ஆம்புலன்ஸில் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கே எந்திரம் காலியாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்களாம். மூச்சு விடத் தெரியாத பிள்ளையை, மழையில், ஆம்புலன்ஸில். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே, வலியைவிடப் பெரிது.

"உங்கம்மாகிட்டச் சொல்லுங்க, ஆடி நல்லா இருக்குதுன்னு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அவர் புதுக் கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டார். விடுமுறை நாள், ஆனாலும் எடுத்தாள். இவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. இன்றைக்கே வந்து சேர்ந்துவிடுகிறேனே என்று இவர் கெஞ்சினார். சனி, ஞாயிறில் யாரையும் சேர்க்க முடியாது, திங்கட்கிழமை காலை வாருங்கள், நான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறேன் என்றாள். அப்புறம் இன்சூரன்ஸ்காரர்களிடம் விசாரித்துவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள். சேருவதற்கு முன்பே நான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் என் செலவு கிடைக்காது. ஆனால் இவர் வேலையில் சேர்ந்த பிறகு குழந்தை பிறந்தால், பிறந்த நிமிஷத்திலிருந்து அதற்குப் பாதுகாப்பு உண்டு, என்ஐசியுவும் அதில் சேர்த்தி.

ஆக, திங்கட்கிழமை காலை இவர் சேரும் வரை பிள்ளை உள்ளே இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒன்றுக்காக நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தேன். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தியிருந்தார்கள். எழக் கூடாது, குளியலறைக்கும் போகக் கூடாது. இருமல் வந்தால் அடக்கிக்கொண்டேன். தும்மல் வரும் போலிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் ஊசியை மாற்றும்போது வலித்தால்கூட உடம்பை இறுக்கவில்லை, எங்கே பிள்ளை அசைந்துவிடுமோ என்று. வயிற்றில் கை வைத்துப் பிள்ளையிடம் பேசினேன். கொஞ்சவில்லை, மிரட்டினேன். "அடங்கி இரு. திங்கக்கிழமைக்கு முன்னாடி தலையக் காட்டுனே, தெரியும் சேதி."

அன்று சாயங்காலம் அவர் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எல்லாவற்றையும் மாமியார் கேட்டுக்கொண்டார். எருமைகளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். ரயிலில் வந்தால் திங்கள் ஆகிவிடும் என்று இவர் விமானத்தில் டிக்கெட் போட்டார். கோயமுத்தூரில் ஏறி, சென்னையில் மாறி, அதுவரை விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்காத மனுஷி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கட்டைப்பையுடன் என் கட்டிலருகே வந்து நின்றார். திட்டுவதற்கு நான் இரண்டு நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் என் காலைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறதே என்று தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அதற்காகவும் எரிச்சல் வந்தது.

ஞாயிறு எப்படியோ கழிந்தது. திங்கள் விடியும்போதே மழை. ஹிஞ்சவடிக்குப் போவதென்றால் திங்கட்கிழமைகளில் ஊரே அந்தப் பக்கம் கிளம்பும், அதோடு மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவர் ஏழு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெள்ளிக்கிழமை போட்ட சட்டையே இன்னும் உடம்பில். ஷேவ் செய்யவில்லை. போகும்போது அம்மாவைப் பார்த்தார். ஏழரையிலிருந்து ராகு காலம், வழியெல்லாம் அதில்தான் போகும் என்று அவருக்கும் தெரியும், அவர் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமியார் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டு என்றார்.

அவர் போன கொஞ்ச நேரத்திலேயே வலி திரும்பியது. இந்தத் தடவை மருந்துக்குக் கட்டுப்படுகிற வலியாக இல்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் போட்டுவிட்டாள். அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. வேகமாக அடித்துக்கொண்டிருந்தது ஒவ்வொரு வலிக்கும் மெதுவாகி, மெதுவாகி, அப்புறம் பழையபடி ஏறியது. ஒரு தடவை ஏறுவதற்கு நேரமாயிற்று. நர்ஸ் வெளியே ஓடினாள்.

டாக்டரம்மா வந்தார். திரையைப் பார்த்தார், என்னைச் சோதித்தார். இனி காத்திருப்பதற்கில்லை, உடனே ஆபரேஷன் என்றார். சுவர்க் கடிகாரத்தில் எட்டரை ஆகப் போகிறது. நான் மனக்கணக்கில் என் கணவரைத் தேடினேன். சிவாஜிநகரைத் தாண்டியிருப்பாரா? பல்கலைக்கழகச் சந்திப்பில் நின்றுகொண்டிருப்பாரா? அலுவலகம் திறந்து, கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடியப் பத்து மணி ஆகிவிடும். என் வாய் தானாகக் கேட்டது, பத்து மணி வரை பொறுக்க முடியாதா என்று.

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, நெற்றி நிறையத் திருநீறோடு மூலையில் நின்ற மாமியாரைப் பார்த்தார். முகூர்த்தம் பார்த்துக் குழந்தையை எடுக்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் தினம் யாராவது வந்து நிற்பார்களாம். இந்தியில் வெடித்துவிட்டார். இது முகூர்த்தம் பார்க்கிற நேரமில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், பத்து மணிக்கு நான் எடுத்துக் கொடுக்கும்போது குழந்தைக்கு உயிர் இருக்க வேண்டாமா என்றார்.

மாமியாருக்கு இந்தி தெரியாது. ஆனால் தன்னைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று புரிந்திருக்கிறது. என்னிடம் வந்து குனிந்தார்.

"என்னம்மிணி சொல்றாங்க?"

இப்பவே எடுக்க வேண்டும் என்கிறார்கள், நான் பத்து மணி வரை பொறுக்கச் சொன்னேன், அதற்குள் அவர் வேலையில் சேர்ந்துவிடுவார், இல்லையென்றால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றேன். மாமியார் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். ராகு காலம் முடிய இன்னும் அரைமணிக்கு மேல் இருந்தது.

"நான் ஆடின்னேன். நீ பத்து மணிங்கற. ரெண்டும் ஒண்ணுதானம்மிணி" என்றார். "எடுக்கச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துருங்க தாயி" என்று தமிழிலேயே சொன்னார். டாக்டரம்மாவுக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கணவர் இல்லாததால் நானே கையெழுத்துப் போட்டேன்.

தள்ளிக்கொண்டு போகும்போது மாமியார் மகனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். முகத்துக்கு நேரே பச்சைத் துணி. அந்தப் பக்கம் இழுத்தார்கள், அழுத்தினார்கள், ஏதோ மராத்தியில் பேசிக்கொண்டார்கள். பெண் குழந்தை என்று யாரோ சொன்னார்கள். நான் அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. குழந்தைகள் டாக்டர் ஒருவர் மூலையில் மேசை மேல் குனிந்திருந்தார், அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதை அழுகை என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து என்னைத் தாண்டி வேகமாகக் கொண்டுபோனார்கள். துணியும் குழாயும் தெரிந்தன, அவள் தெரியவில்லை.

என்னை வெளியே ஓர் அறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். பல்கலைக்கழகச் சந்திப்பில் சிக்னலில் நின்றபோது அம்மாவின் போன் வந்ததாம், அங்கேயே வண்டியைத் திருப்பிவிட்டார். எனக்கு அப்போது சண்டை போடவும் தெம்பில்லை. எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. பிள்ளையும் முந்திவிட்டாள், இவரும் சேரவில்லை.

குழந்தைகள் டாக்டர் வந்து பேசினார். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறோம், நுரையீரலுக்கு மருந்து கொடுத்திருக்கிறோம், இந்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம், இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், மத்தியானம் அப்பா மட்டும் வந்து பார்க்கலாம் என்றார். அவர் பின்னாலேயே இன்சூரன்ஸ் மேசைக்காரரும் வந்துவிட்டார், குழந்தைக்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்க. இவர் விரக்தியாகச் சொன்னார், பத்து மணிக்குச் சேர்வதாக இருந்தேன், அதற்குள் பிறந்துவிட்டது, இனி என்ன கணக்கு என்று.

அந்த ஆள் இவரை விநோதமாகப் பார்த்தார். இன்சூரன்ஸில் மணியை யார் பார்க்கிறார்கள், தேதியைத்தான் பார்ப்பார்கள் என்றார். இன்று தேதியில் நீங்கள் சேர்ந்தால் இன்று பிறந்த குழந்தைக்கு உண்டு. நாளை சேர்ந்தால் நேற்றைய குழந்தை, கிடைக்காது.

இவர் புதுக் கம்பெனிப் பெண்ணைப் போனில் கூப்பிட்டார். அவள் நேரடியாகச் சொன்னாள், அது சரிதான், ஆனால் அடையாளம் சரிபார்க்கிறவர்கள் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், அதற்குள் நீங்கள் நேரில் வந்தாக வேண்டும். மழையில், அந்த நெரிசலில், உடனே புறப்பட்டால்தான் உண்டு.

இவர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகமாட்டேன்" என்றார். மத்தியானம் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் எதுவும் என்றார். பணம் எங்காவது கடன் வாங்கிக்கொள்ளலாம், இருக்கிற ஃப்ளாட்டை விற்றுவிடலாம் என்று என்னென்னவோ பேசினார். மாமியார் அவர் பக்கத்தில் போய் நின்றார். போய்ச் சேர்ந்துவிட்டு வா சாமி என்றார். எந்த வாயால் ஆடியில் வேண்டாம் என்றாரோ அதே வாயால். இவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நான் அங்க போயி உக்காந்திருக்கீல இங்க ஏதாச்சும் ஆச்சுன்னா? மூஞ்சியக்கூடப் பாக்கலியேம்மா."

மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அறையில் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் அவர் போகக் கூடாது என்றுதான் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. கால் மரத்துக் கிடந்த நிலையில் தலையை மட்டும் தூக்கினேன்.

"பாக்கறதுக்கு அவ இருக்கோணும்னா, போங்க" என்றேன்.

அவர் எழுந்தார். நனைந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கூடவே வெட்டின இடத்தின் வலியும். கதவு அசையும்போதெல்லாம் நானும் மாமியாரும் அங்கே பார்த்தோம். நல்ல செய்தி சொல்ல யாரும் இவ்வளவு வேகமாக வரமாட்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் யாரும் வராமலிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். மத்தியானம் நர்ஸ் வந்தாள். குழந்தையின் அப்பா எங்கே, வரச் சொல்லுங்கள் என்றாள். இல்லை என்றேன். எங்கே போனார் என்றாள். வேலையில் சேரப் போயிருக்கிறார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அப்பாவுக்குப் பதில் பாட்டியை விடுங்கள் என்று கேட்டு, கேட்டு, கடைசியில் அனுமதித்தார்கள். மாமியாருக்கு அங்கி மாட்டி, தலைக்கு உறை போட்டு, செருப்பைக் கழற்ற வைத்து அழைத்துப் போனார்கள்.

திரும்பி வர வெகுநேரமாயிற்று. வந்தவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயிறு ஏறி எறங்குது அம்மிணி. அதையேதான் பாத்துட்டு நின்னேன். நின்னுரல."

எப்படி இருக்கிறாள், யார் சாயல் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து என் முகத்தின் மேல் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஒன்றரைக்கு மேல் கணவரிடமிருந்து செய்தி வந்தது. சேர்ந்தாயிற்று. மகள் பெயரை என்னவென்று எழுத என்று கேட்டிருந்தார். பெயர் வைக்காத குழந்தை, என் பெயரைப் போட்டு இன்னாருடைய குழந்தை என்று எழுதிக்கொண்டார்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, இரண்டும் ஒன்று. அவர் திரும்பி வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. சட்டையைக்கூட மாற்றாமல் நேராக என்ஐசியு வாசலுக்குப் போனார். பார்வை நேரம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா அந்தப் பக்கமாக வந்தவர், காலையிலிருந்து நடந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும், தானே அவரை உள்ளே அழைத்துப் போனார்.

மகள் எந்திரத்தில் இருந்தாள், அப்புறம் சிறிய எந்திரத்துக்கு மாறினாள், அப்புறம் மூக்கில் ஒரு குழாயோடு மட்டும் இருந்தாள். ஆடி முடிந்து ஆவணியும் வந்தது, பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருவெல்லாம் மராத்திக்காரர்களின் தோல் தாஷா மேளம் கொட்டியது, அவள் அந்த அறையைவிட்டு நகரவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அந்த மேசைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பினார். அவள் செலவை முழுதாகக் கொடுத்தார்கள். என்னுடையதை நாங்கள் கடன் வாங்கிக் கட்டினோம். அவளை வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று மாமியார் ஆலம் சுற்றினார், அடுத்த வாரமே எருமை கன்று போட்டிருக்கிறது என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று அலுவலகத்தில் என்ன நடந்தது என்று அவர் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். கையெழுத்தெல்லாம் முடிந்ததும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கேமராவைப் பிடித்திருந்தவருக்கு எதுவும் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்கள் இப்படி நிற்கக் கூடாது, கொஞ்சம் சிரியுங்கள் என்றிருக்கிறார். இவர் சிரித்தாராம். இன்னும் கொஞ்சம் என்றாராம். இன்னும் கொஞ்சம் சிரித்தாராம்.

அந்த அட்டையைத்தான் இன்றும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். புதுப்படம் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், நான் பலமுறை சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை. மகளுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. சாயங்காலம் அவர் வந்ததும் மடியில் ஏறி அந்த அட்டையைத்தான் முதலில் பிடித்து இழுப்பாள். படத்தில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார், யார் பார்த்தாலும் சிரிப்பு என்றுதான் சொல்வார்கள். இவள் அதன் கன்னத்தைத் தன் விரலால் துடைத்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொல்வாள், "அப்பா அழுகுது."